கட்டுறீங்களா, தட்டுறீங்களா?

1

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு நான் சீட்டாடப் போகிறேன் என்று எழுதினால், கண்ணமங்கலத்தில் இருக்கும் என் அக்கா இந்தப் பத்திரிகையை நாலாகக் கிழித்து அடுப்பில் போடுவாள். போடட்டும். பத்து வருடமாக டெக்ஸாஸில் இருந்துகொண்டு ரூபனின் மார்க்கையும் சம்பள உயர்வையும்தான் அவளுக்கு எழுதி வந்திருக்கிறேன். ஒரு தடவையாவது நிஜத்தை எழுதலாம்.

என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வாண்டா, வார்டுக்கே தலைவி. அறுபது வயது, புகைக்குழாய் மாதிரி சிகரெட் பிடிப்பாள். ஞாயிறு மதியம் அவள் வீட்டுச் சமையலறை மேஜையில் சில்லறைக் காசு வைத்து போக்கர் ஆடுவோம். ஆட்டம் சுலபம்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக்கூடாது. நடுவில் முதலில் மூன்று சீட்டு திறப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. அந்த ஐந்தும் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு தடவை திறந்ததும் உங்கள் முறை வரும். காசு கட்டலாம். அல்லது கட்டாமல் முறையை அடுத்தவருக்குக் கடத்திவிடலாம். கட்டுவதற்கு உச்சவரம்பு கிடையாது, முன்னால் இருக்கிற மொத்தத்தையும் தள்ளலாம். கடத்துவதற்கு வாயைத் திறக்கவே வேண்டாம். விரல் முட்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் போதும்.

நான் தட்டுகிற ஜாதி. வாண்டாவுக்கு அதில் எரிச்சல். "உனக்கு எது வந்தாலும் தட்டுகிறாய். உன்னோடு ஆடுவது சுவரோடு ஆடுகிற மாதிரி இருக்கிறது" என்பாள்.

போன ஞாயிறு ஐந்தாவது ஆள் வரவில்லை. வாண்டா பழக்க தோஷத்தில் அந்தக் காலி நாற்காலிக்கும் இரண்டு சீட்டு போட்டுவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வந்தவை இரண்டும் ராஜா. நடுவில் திறந்த மூன்றில் இன்னொரு ராஜா. மூன்று ராஜா கையில் இருந்தால் இங்கே பால்குடிக் குழந்தைகூடக் காசு கட்டும். நான் தட்டினேன். வாண்டாவின் தங்கை தட்டினாள். எதிர்வீட்டு லாரிக்காரர் தட்டினார். வாண்டா தட்டினாள்.

அப்புறம் காலி நாற்காலிப் பக்கமிருந்து சத்தம் வந்தது. டக் டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

எல்லோரும் சிரித்தார்கள். வாண்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். தலைவலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அந்தத் தட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர் செத்துப் பதினொரு வருடம் ஆகிறது.

2

ஜவ்வாது மலையில் நான் நர்ஸாக இருந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த மனிதர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். திருப்பத்தூரிலிருந்து ஒரே ஒரு பஸ். பன்னிரண்டு மணிக்கு மலையேறி வந்து, இரண்டு மணிக்குக் கீழே இறங்கும். அதை விட்டால் மறுநாள்தான். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் டிஸ்பென்சரிக்கு நானும் கம்பவுண்டர் மாசிலாமணியும்தான் ராஜாங்கம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்னப் பிள்ளை ரூபனைக் கண்ணமங்கலத்தில் அக்காவிடம் விட்டிருந்தேன். மழைக்காலத்தில் தகரக் கூரையின் கீழே உட்கார்ந்து எத்தனை நேரம்தான் பஞ்சை உருட்டிக்கொண்டிருப்பது? கம்பவுண்டர் சீட்டுக்கட்டை எடுத்தார். மூன்று சீட்டு ஆட்டம். ஆட ஆள் போதவில்லை. மருந்து வாங்க வந்த வெள்ளையனும் அவர் தம்பி பொன்னனும் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி இருவருக்குமாகச் சாமைக் கொல்லையும் பதினாலு புளியமரமும் இருந்தன. நாங்கள் ஆடியது அந்த மரங்களின் கொட்டையை வைத்துத்தான். பச்சைக் கொட்டை ஒன்று, வறுத்த கொட்டை பத்து. மாதக் கடைசியில் யாரிடம் கொட்டை குறைவோ அவர் கோழி வாங்கிப் போட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் சூது. கன்னியர் மடத்தில் படித்துவிட்டு வந்தவள் ஆண்களோடு சீட்டாடுகிறாள் என்று கீழே செய்தி போகாமல் இருந்தது மலையின் புண்ணியம்.

ஆட்டத்தில் எங்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முறை வந்தால் கொட்டை கட்டலாம், எவ்வளவு வேண்டுமானாலும். கட்டப் பிரியமில்லையா, பலகையில் ஒரு தட்டு. மிஞ்சியவர்கள் மூன்று சுற்றும் தட்டிவிட்டால் சீட்டைத் திறக்க வேண்டும். பலகை என்றால் மருந்துப் புட்டிகள் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்தது. உள்ளே வெற்றிடம், தட்டினால் கணீரென்று கேட்கும். "கட்டுறீங்களா, தட்டுறீங்களா?" என்று கம்பவுண்டர் ஒவ்வொருவரையும் நீதிபதி மாதிரிக் கேட்பார்.

வெள்ளையன் தட்டியே நான் பார்த்ததில்லை. நல்ல சீட்டு வந்தாலும் தள்ளுவார், ஒன்றுமில்லாவிட்டாலும் தள்ளுவார். "கொட்ட இன்னா சிஸ்டர் கொட்ட, மரத்துல காய்க்குது!" என்று இரண்டு கையாலும் வாரி முன்னால் விடுவார். நடிப்பிலும் ஆள் கெட்டிக்காரர். ஒரு தடவை பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். பாவம், ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்போம் என்று நான் கட்ட, மூன்று ஆஸைத் திறந்து காட்டி மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "இனிமே நீங்க செத்தாலும் நம்ப மாட்டேன் வெள்ளையண்ணா" என்று சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

3

திங்கட்கிழமை வேலை விட்டு வந்தபோது மேஜையில் இரண்டு கடிதங்கள் இருந்தன.

ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் படிவம். நர்ஸ் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்த நாட்டில் படிவத்துக்குப் பிறந்தவர்கள்தான் உட்கார்ந்து ஆளுகிறார்கள் போல. முதல் தடவை என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, அதனால் நாலு மாதம் அல்லாடினேன். இப்போது எல்லாம் பழகிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் பழகவில்லை. 'உங்கள் கவனக்குறைவினால் நோயாளி எவருக்கேனும் எப்போதேனும் தீங்கு நேர்ந்ததுண்டா?' பக்கத்தில் இரண்டு கட்டம், ஆம், இல்லை. நாலு தடவை 'இல்லை'யில் குறி போட்டிருக்கிறேன்.

இன்னொன்று ஊர்த் தபால்தலை ஒட்டிய உறை. வெள்ளையனின் மகள் மலர் எழுதியிருந்தாள். அப்பன் சாகும்போது அவளுக்கு ஏழு வயது. மூக்கு ஒழுக டிஸ்பென்சரி வாசலில் நின்று மாத்திரை டப்பா கேட்பாள். இப்போது வேலூர்ப் பக்கம் நர்ஸ் படிப்புப் படிக்கிறாளாம். என் முகவரியைக் கம்பவுண்டரிடம் வாங்கியிருக்கிறாள்.

"அன்புள்ள சிஸ்டர், போன வாரம் வகுப்பில் கட்டுவிரியன் கடி பற்றிப் பாடம் நடந்தது. கடித்த இடம் வலிக்காதாம். தரையில் படுத்தவர் காலையில் வயிற்றுவலியோடு எழுந்திருப்பாராம். கண் இமை இறங்குமாம், பேச்சு மூக்கில் வருமாம், கை கால் ஓய்ந்து கடைசியில் மூச்சு நிற்குமாம். நேரத்தோடு ஊசி போட்டால் பிழைக்கலாமாம். அப்பாவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கண் சொருகி இருந்தது என்று சித்தப்பா சொல்வார். பஸ் போவதற்கு முன்னால் நீங்கள் கவனித்தீர்களா? அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். சிஸ்டருக்குத் தெரிந்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா என்று சித்தப்பா திட்டுகிறார். கவனிக்கவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் நான் நம்பிவிடுவேன்."

நான் நின்றபடியே படித்து முடித்தேன். ரூபன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். பதினாலு வயதாகிறது. ஆறாம் வயது வரைக்கும் 'இன்னாம்மா' என்று சொன்ன பிள்ளை. இப்போது தமிழ் எழுத்து அவனுக்குக் கோலம்.

"யாரு எழுதினது?"

"ஊர்ல ஒரு பொண்ணு."

"வாட் டஸ் ஷி வான்ட்?"

"தமிழ்ல கேளு."

"அவளுக்கு என்ன வேணும்?"

எல்லாம் வேணும் அவளுக்கு என்று சொல்ல நினைத்தேன். போய்ப் படி என்று மட்டும் சொன்னேன்.

4

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே மழை. பதினோரு மணிக்கு வெள்ளையன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், வவுறு முறுக்குது. இன்னான்னே தெர்ல."

"நேத்து இன்னா சாப்ட்டீங்க?"

"களிதான். ராத்திரி கொல்லையில பன்னி வெரட்டிக்னு இருந்தேன். பரணு ஒழுகுச்சி. கீழ சாமத்தாளு மேல படுத்துட்டேன்."

தரையில், வைக்கோல் மாதிரிக் கிடந்த சாமைத் தாளின் மேல், மழை ராத்திரியில் படுத்து, எழுந்ததும் வயிற்றுவலி. மலையில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. நான் வயிற்றுவலி மருந்தை ஒரு அவுன்ஸ் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கும்போது புரை ஏறியது. "மெதுவா குடிங்க, யாரு புடுங்கப் போறாங்க" என்று சொன்னேன்.

மழை விடவில்லை. நோயாளி என்று வேறு யாரும் வரவில்லை. கம்பவுண்டர் பெட்டியைக் கவிழ்த்தார். நாலு பேரும் உட்கார்ந்தோம். வெள்ளையன் வழக்கம்போல் கத்தவில்லை, சிரிக்கவில்லை. "ராத்திரி தூக்கம் இல்ல சிஸ்டர், கண்ணு சொருகுது" என்றார். குரல் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி மூக்கால் வந்தது. பத்து ஆட்டம் போயிருக்கும். பொன்னன் எழுந்தார். "பஸ்ஸு மேல புளிமூட்ட ஏத்தணும், போய்ட்டு வர்றேன்" என்று மழையில் இறங்கிப் போனார்.

அடுத்த கையில்தான் எனக்கு இஸ்பேட்டில் ஏழு, எட்டு, ஒன்பது வந்தது. ஒரே ஜாதியில் வரிசை. மூன்று சீட்டு ஆட்டத்தில் அதை வெல்ல அதைவிடப் பெரிய வரிசையோ மூன்றும் ஒன்றாக இருக்கிற கையோதான் வேண்டும். அந்த மாதம் நான்தான் கோழி வாங்க வேண்டிய நிலையில் இருந்தேன். உள்ளங்கை ஊறியது. கம்பவுண்டர் சீட்டை எறிந்துவிட்டார். வெள்ளையனும் நானும் மட்டும்.

"கட்டுறீங்களா, தட்டுறீங்களா?" என்று கம்பவுண்டர் அவரைக் கேட்டார்.

டக் டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

"இன்னாபா, ஒரு தட்டுதானே கணக்கு? மூணு தட்டுற!"

"கையி... வர்ல" என்றார் வெள்ளையன்.

எனக்கு உள்ளே மணி அடித்தது. ஆனால் எந்த மணி? சூதாடியின் மணி. என்றைக்கும் தட்டாத ஆள் இன்றைக்கு ஏன் தட்டுகிறார்? பெரிய கை வந்திருக்கிறது. கட்டினால் நான் பயந்து எறிந்துவிடுவேன் என்று தட்டி இழுக்கிறார். பல்வலி நாடகம் மாதிரி இது கைவலி நாடகம். நான் கட்டினால் மொத்தத்தையும் தள்ளி என்னை மொட்டையடிப்பார். யாரிடம்? நானும் தட்டினேன்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் இரண்டு தடவை அடிப்பார், இடையில் ஐந்து நிமிடம் இருக்கும். இது முதல் ஹாரன்.

இரண்டாம் சுற்று. நான் அவர் கண்ணையே பார்த்தேன். அந்தக் கண்ணை அன்றைக்கு என்னைப் போல் யாரும் உற்றுப் பார்த்திருக்க முடியாது. இமை இரண்டும் பாதிக்கு இறங்கியிருந்தன. தூக்குவதற்கு நெற்றியைச் சுருக்கினார், இமை ஏறவில்லை. என்னிடம் கண்ணைக் காட்டக்கூடாது என்று மறைக்கிறாரே, எமகாதகர் என்றுதான் நினைத்தேன். அவர் கை கொட்டைக் குவியலை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்து, பலகை மேல் விழுந்தது. டக் டக். டக். நான் தட்டினேன்.

இரண்டாவது ஹாரன் அடித்தது. எழுந்து வாசலுக்குப் போய் ஒரு கை காட்டினால் போதும், டிரைவர் நிறுத்துவார். பஸ் மேலே பொன்னன் நின்றிருந்தார். எழுந்திருந்தால் சீட்டைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். இதுதான் என் மனதில் ஓடியது. இதை எழுத எனக்குப் பதினொரு வருடம் ஆகியிருக்கிறது.

பஸ் சத்தம் வளைவில் திரும்பித் தேய்ந்தது. மூன்றாம் சுற்று. அவர் கை அசையவே இல்லை. "திறங்க வெள்ளையண்ணா" என்றேன். தலை மார்பில் சரிந்தது. எச்சில் ஒழுகியது. கம்பவுண்டர், "காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டான் போலக்குது" என்றார். நான் இமையை விரலால் தூக்கினேன். உள்ளே விழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழு நினைவு. எல்லாம் தெரிந்துகொண்டு, எதையும் அசைக்க முடியாமல் இருந்தார். முழங்கையில் கடுகளவு இரண்டு புள்ளிகளைக் கண்டுபிடித்தேன்.

விஷமுறிவு மருந்து எங்களிடம் கிடையாது. மூன்றரை மணிக்கு ஒரு புளி லாரி கிடைத்தது. கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போனேன். மூட்டை ஏற்றிவிட்டுத் திரும்பியிருந்த பொன்னன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாதி மலைகூட இறங்கவில்லை.

லாரி வருவதற்கு முன்னால் அவரைப் பாயில் கிடத்தும்போது, உள்ளங்கையின் அடியிலிருந்து சீட்டை எடுத்தேன். மூன்று ராஜா. கம்பவுண்டர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். மூன்றையும் கட்டுக்குள் செருகிவிட்டேன். மூன்று ராஜா கையில் இருந்த வெள்ளையன் தட்டியிருக்கவே மாட்டார். அவர் தட்டவில்லை. கொட்டையைத் தள்ளத்தான் முயன்றார், கை விழுந்தது. விழுந்த கையின் சத்தத்தைத்தான் நான் தட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

5

'பூச்சி கடிச்சிடுச்சி, சிஸ்டர் எவ்வளவோ பாத்தாங்க' என்று பாம்பின் பெயரைச் சொல்லாமல் ஊர் சொல்லிற்று. நான் மறுக்கவில்லை. அமெரிக்காவுக்கு ஏற்கனவே விண்ணப்பித்திருந்தேன். காகிதம் வர ஏழு மாதம் ஆயிற்று.

காரியம் முடிந்த மறுவாரம் பொன்னன் வந்து பெட்டியைக் கவிழ்த்தார். "ஆடலாங்க சிஸ்டர். அண்ணனுக்கும் ஒரு கை போடுங்க" என்றார். முதல் விளைச்சலில் செத்தவர் பங்கைப் பிரித்து வைப்பார்கள், சீட்டில் யாரும் வைத்து நான் கேள்விப்பட்டதில்லை. மறுக்க எனக்கு என்ன முகம் இருந்தது? வெள்ளையன் உட்காரும் இடத்தில் அவருடைய கொட்டைகள் அப்படியே குவிந்திருந்தன. அவருக்கு மூன்று சீட்டு விழும். யாரும் பார்க்கக்கூடாது. அவர் முறை வந்தால் பொன்னன் அவருக்காக ஒரு தட்டு தட்டுவார். ஆட்டம் முடிந்ததும் அந்தச் சீட்டு பார்க்கப்படாமலே கட்டுக்குள் போகும்.

ஏழு மாதம் அப்படி ஆடினோம். தகரத்தில் மழை விழும்போது, எதிரே ஆளில்லாத இடத்தில் மூன்று சீட்டு கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்காமல் என் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த ஆட்டத்திலும் நான் கட்டவில்லை. கட்டினால் அந்தப் பக்கமிருந்து மொத்தமும் தள்ளப்படும் என்று ஒரு பயம்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசி ஆட்டம். கம்பவுண்டரும் பொன்னனும் சீட்டை எறிந்துவிட்டார்கள். நானும் காலி இடமும் மிஞ்சினோம்.

"கட்டுறீங்களா, தட்டுறீங்களா, சிஸ்டர்?"

தட்டினேன். அடுத்து பொன்னன் அண்ணனுக்காகத் தட்ட வேண்டும். தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது கேட்டது. டக் டக். இடைவெளி. டக்.

கம்பவுண்டர் எழுந்தே நின்றுவிட்டார். பொன்னன் நகரவில்லை. காலி இடத்தை அவர் பார்க்கவில்லை, என் பக்கம்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்க அண்ணன் தட்டுற ஆளே இல்லீங்க சிஸ்டர். அன்னிக்கி மட்டும் இதே மாதிரி ரெண்டும் ஒண்ணுமா தட்டினாருன்னு கம்பவுண்டர் சொல்றாரு. கையில இன்னா சீட்டு இருந்துச்சி? நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல பொன்னா. எனக்கு எப்படித் தெரியும்?"

"சரிங்க" என்றார் பொன்னன். கொட்டைகளை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார். மறுநாள் என் டிரங்குப் பெட்டியை பஸ் மேல் ஏற்றிக் கட்டியதும் அவர்தான்.

6

மலரின் கடிதம் நாலு நாள் மேஜையிலேயே கிடந்தது. பக்கத்தில் படிவம். ஒரு வரிதான் கேட்டிருக்கிறாள். 'கவனிக்கவில்லை.' நம்பிவிடுவேன் என்று வேறு சொல்லியிருக்கிறாள். எழுதினால் பொன்னனுக்கு என் மேல் இருக்கிற மரியாதை அப்படியே இருக்கும். அவள் நிம்மதியாகப் படித்து நல்ல நர்ஸ் ஆவாள். அந்த வரியை மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவை கிழித்தேன். மூன்று சுற்றுக்கு மேல் தட்ட முடியாது என்பது நாங்களே போட்ட சட்டம்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியம் உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் எழுதினேன். சாமைத் தாளில் படுத்ததாக அவர் சொன்னது, புரை ஏறியது, இமை, ஹாரன், எதையும் விடவில்லை. 'பார்த்தேன் மலர். பஸ் போவதற்கு முன்னால் பார்த்தேன். உன் அப்பா முகத்தை அன்று நான் சீட்டுக்காகப் பார்த்தேன், நோய்க்காகப் பார்க்கவில்லை. தெரியாமல் போனதல்ல. தெரிந்ததை வேறாகப் படித்தேன். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தது உன் அப்பா. அவரிடம் மூன்று ராஜா இருந்தது. அதையும் நான்தான் மறைத்தேன். உன் சித்தப்பாவிடம் பொய் சொன்னேன்.'

ரூபன் ஸ்கூல் விட்டு வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.

"அம்மா, அழறியா? யாராவது செத்துட்டாங்களா?"

"ரொம்ப நாள் முன்னாடி."

அவனுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் உட்கார வைத்துக் கடிதத்தை உரக்கப் படித்தேன். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கினேன். அவன் வயதுப் பிள்ளை பத்து நிமிடம் என் முன்னால் அசையாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளையன் கை விழுந்த இடம் வந்தது. எப்படி விழுந்தது என்று காட்ட, மேஜையில் விரல் முட்டியால் தட்டினேன். டக் டக். இடைவெளி. டக்.

ரூபன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"அது நீ எப்பவும் பண்றதுதானே?"

"எது?"

"அதேதான். ரெண்டு, அப்புறம் ஒண்ணு. சாப்பிடும்போது, கார்ல சிக்னல்ல, டிவி பாக்கும்போது. நான் சின்னப் பையனா இருந்தப்போலேந்து. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் வலது கை மேஜை மேல் கிடந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தேன். காலி நாற்காலிப் பக்கம் சத்தம் கேட்டபோது வாண்டா ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று புரிந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தில் பொன்னன் ஏன் காலி இடத்தைப் பார்க்காமல் என் பக்கம் பார்த்தார் என்பதும் புரிந்தது. என் கையைத்தான் பார்த்திருக்கிறார். அண்ணனின் தட்டை என் கை தட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான், பாத்தீங்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். சரிங்க என்றார். பத்து வருடமாக அந்த மனுஷன் எனக்காகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

கடிதத்தின் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'இதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டு. அவர் ஆச்சரியப்பட மாட்டார்.'

பிறகு படிவத்தை இழுத்து, 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டேன். விவரம் எழுத மூன்று வரிதான் இடம் விட்டிருந்தார்கள். தனித்தாள் இணைத்தேன்.

"வேலை போயிடுமாம்மா?" என்று ரூபன் கேட்டான்.

"போனாலும் போகும்."

"அப்புறம் ஏன்?"

"இதுக்கு மேல தட்ட முடியாதுடா."

தபால் பெட்டி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. இரண்டு பேரும் நடந்தோம். அவன் கூடவே வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வழியில் என் வலது கையை எடுத்துத் தன் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதனால் இரண்டு உறையையும் இடது கையால்தான் உள்ளே தள்ளினேன்.